காப்புக் கட்டிய நாய்

அனுப்புநர்:
சண்முகவள்ளி, வயது 43,
காலஞ்சென்ற பொன்னுவேல் மனைவி,
பூண்டுக்காட்டு வேலை,
கோயில் கீழ்த்தெரு, பூம்பாறை,
கொடைக்கானல் தாலுகா, மதுரை ஜில்லா.
தற்சமயம் இருக்கும் இடம்: கன்னிவாடி, பஸ் நிற்கும் புளியமரத்தடி.

பெறுநர்:
உயர்திரு ரேஞ்சர் அவர்கள்,
கருங்கானல் வனச்சரகம்,
முகாம்: கன்னிவாடி.

பொருள்: ஆடலூருக்குக் கீழே வேட்டை நாய் என்று பிடித்து வைக்கப்பட்டிருக்கும் செவலை என்ற என் நாயை இன்று மாலை ஐந்து மணிக்குள் விடுவிக்க வேண்டுவது, உடன் எடுத்துச் சென்ற கூடாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை.

பார்வை: தங்கள் சோதனைச் சாவடியில் 27-1-1961 வெள்ளிக்கிழமை எனக்குக் கொடுத்த ரசீது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இந்த மனுவை மனு எழுதுகிறவரிடம்தான் முதலில் கொண்டுபோனேன். நாய் விஷயத்துக்கு நாலு வரி போதும் என்றார். எனக்கு நாலு வரி போதாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருக்கிறேன், ஆகவே நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பது மடியில் வைத்து எழுதுவதால். மரியாதைக் குறைவாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பதினொரு நாளாக வீடு வாசல் என்று உட்காரவில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது; எங்காவது பேச்சு நீண்டுவிட்டால் அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. என் வீட்டுக்காரர் பொன்னுவேல் கொடைக்கானலில் கூடாரம் அடிக்கும் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வெள்ளைக்காரர்களும் காட்டுக்குள் நடக்கப் போகும்போது கூடாரத்தைச் சுமந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் அடித்துக் கொடுத்து, அடுப்பு மூட்டி, மறுநாள் பிரித்துச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வருவார். இருபத்திரண்டு வருஷம் இதே சோலி. பெரியகுளம் ஓரத்திலிருந்து பழனி ஓரம் வரைக்கும் இந்த மலையில் எந்த இடத்தில் தண்ணீர் கிடக்கும், எந்த இடத்தில் காற்று கூடாரத்தைப் பிடுங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தங்கள் சாவடியில் இப்போது இருக்கும் பச்சைக் கூடாரம் கிழிந்துபோய் அவர்கள் கழித்துப் போட்டது. கேட்டு வாங்கிவந்து, வலது ஓரத்தில் பூண்டுச் சாக்கை வைத்து ஒட்டுப் போட்டார். அந்த ஒட்டு தையல் என்னுடையது. திருட்டுச் சாமான் அல்ல.

3. மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு வயிற்றில் கட்டி வந்து நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிழைக்கமாட்டேன் என்று என் காதுபடவே பேசினார்கள். அப்போது அவர் நேர்ந்துகொண்டார். இவள் எழுந்து நடந்துவிட்டால் மூன்று தை மாதம், பூம்பாறையில் குழந்தை வேலப்பர் வாசலில் காப்புக் கட்டி, குறுக்குப் பாதையில் இறங்காமல், மலையைச் சுற்றி நடந்தே பழனிக்கு வருகிறேன் என்று. ஊரில் எல்லோரும் குறுக்கே இறங்கி இரண்டு நாளில் போய்விடுவார்கள். இவர் சொன்னது கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, ஆடலூர், கன்னிவாடி, ஒட்டன்சத்திரம் என்று ஏழு ராத்தங்கல் வழி. சத்திரத்திலும் பிறர் வீட்டிலும் தங்காமல், சொந்தக் கூடாரத்தில், நாயை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு. நான் எழுந்து நடந்ததற்கு நீ எதற்கு நடக்கிறாய் என்று அவரிடம் சண்டை போட்டேன். அவர் சிரித்தார். இரண்டு தை நடந்தார். போன ஐப்பசியில் நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டார்.

4. ஒரு தை பாக்கி. எனக்காக நேர்ந்தது என்பதால் அதை நான் நடப்பது என்று முடிவு செய்தேன். சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பாமல் மலைக்கோயில் ஏறக் கூடாது என்று தெருவில் தடுத்தார்கள். எங்கள் பூசாரி குழந்தைவேல் அவர்கள் யோசித்துவிட்டு, படியேறாதே, அடிவாரத்தோடு நின்று கும்பிட்டுத் திரும்பிவிடு, ஆனால் காப்பை என் கையால் கட்டமாட்டேன், நீயே கட்டிக்கொள் என்றார். அப்படியே மஞ்சளில் நனைத்த கயிற்றை என் கையில் நானே கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இரண்டு வருஷமும் நாயின் கழுத்திலும் ஒரு காப்புக் கட்டுவாராம். கூட நடக்கிற உயிருக்கும் அது வேண்டும் என்பது அவர் எண்ணம். அதையும் செய்தேன்.

5. இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். ஒளிக்கவில்லை. செவலைக்குத் தோல் பட்டை உண்டு. வீட்டுக்காரரோடு டவுனுக்குள் போய்வருகிற நாய் என்பதால் வருஷந்தோறும் லைசென்ஸ் கட்டி, 214 என்று எண் வெட்டிய பித்தளை வில்லையை அந்தப் பட்டையில் தொங்கவிட்டிருப்பார். காப்புக் கட்டி நடக்கிறவர்கள் தோல் சாமான் எதையும் மேலே வைத்துக்கொள்ளக் கூடாது. செருப்பு கிடையாது, இடுப்பு வார் கிடையாது. நாயும் காப்புக் கட்டியிருக்கிறது, ஆகவே அதற்கும் தோல் ஆகாது என்று பட்டையைக் கழற்றி, வீட்டுக்குள் வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிப் பூட்டிவிட்டு வந்தேன். வில்லையும் அதோடு போய்விட்டது. வில்லையை மட்டும் உருவி முந்தானையில் முடிந்திருக்கலாம் என்று இப்போது எவ்வளவோ பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது தோன்றவில்லை, ஐயா. எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டுகிற யாருக்கும் தோன்றாது. சுத்தத்தைப் பார்த்தேன், சர்க்காரை நினைக்கவில்லை.

6. 22-1-61 ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பினேன். அந்த வழியில் நான் அதற்கு முன் ஒரு நாளும் நடந்ததில்லை. கொடைக்கானல் வரை ரோடு தெரியும், அதற்கு மேல் செவலைதான் வழி. கூடாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தேன். எனக்குக் கால் வலிக்கிற இடத்தில் அது நிற்காது. அவர் நின்ற இடத்தில்தான் நிற்கும். பெருமாள்மலை தாண்டி நல்ல புல்தரை, பக்கத்திலேயே தண்ணீர். இங்கே அடிப்போம் என்று சுமையை இறக்கினேன். அது வரவில்லை. அரை மைல் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. திட்டிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் மூன்று கல், கரி படிந்து, அடுப்பாகக் கிடக்கிறது. பக்கத்தில் அவர் முளை அடித்த குழிகூட மூடவில்லை. அதற்குப் பிறகு நான் அதனோடு வழக்குப் பேசவில்லை. பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் அதே மாதிரி மூன்று கல். அவர் அடுப்பில் அவர் இடத்தில் கஞ்சி வைத்துக் குடித்தேன். கூடாரத்துக்குள் அவர் தலை வைக்கும் பக்கம் எது என்பதும் அதற்குத் தெரியும்; அந்தப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், நான் மற்றப் பக்கம். இருபத்தாறு வருஷம் வாழ்ந்தும் அவர் வேலையை நான் பார்த்தது இந்த ஐந்து நாளில்தான் என்று தாங்கள் நினைத்தால் அது சரிதான்.

7. ஐந்தாம் நாள் வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் ஆடலூருக்குக் கீழே இறங்கும்போது செவலை பாதையை விட்டு விலகி இடது கைப் பக்கம் காட்டுக்குள் போனது. அங்கே பளியர் குடி ஒன்று இருக்கிறது. தேன் எடுக்கிற மாயன் என்பவர் முதலில் நாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கூடாரக்காரர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் போகிறபோதெல்லாம் அவருக்கு உப்பும் தீப்பெட்டியும் கொடுத்துவிட்டுப் போவாராம். பிறகு அவரே காய்ந்த விறகு கொண்டுவந்து போட்டு, மூன்று கல் கிடந்த இடத்தைக் காட்டினார். போன சித்திரையில் அந்த இடத்தைச் சேர்த்து ரிசர்வ் என்று எல்லைக் கல் நட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஒரு ராத்திரிதானே தாயி, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார். நானும் களைத்துப் போயிருந்தேன். கல் நட்டது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன், தெரிந்தேதான் படுத்தேன். நாய்க்குத்தான் தெரியாது.

8. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்குக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தங்கள் பாரஸ்டரும் இரண்டு கார்டுகளும் வந்தார்கள். முதல் நாள் அந்தச் சோலையில் கம்பிக் கண்ணியும், கேளையாடு என்கிற சின்ன மானின் உரித்த தோலும் அகப்பட்டிருக்கிறது. நாய் வைத்து வேட்டையாடுகிற கூட்டம் ஒன்றை ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம். அந்த இடத்தில் ஒரு கூடாரம், பட்டை இல்லாத ஒரு நாய். அவர்கள் நினைத்ததைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைப்பேன். ஆனால் கூட இருந்தது வயிறு கிழித்துத் தைத்த ஒரு பொம்பளை, ஒரு கஞ்சிச் சட்டி, ஒரு விபூதிப் பை. இவற்றையும் சேர்த்து ஒரு தடவை யோசித்திருக்கலாம்.

9. செவலை குரைக்கவில்லை. கூடாரம் அடிக்கும்போதும் பிரிக்கும்போதும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் பழக்கியிருந்தார், வந்திருந்த பிள்ளைகள் பயப்படும் என்பதற்காக. குரைக்காத நாய் என்றால் வேட்டைக்குப் பழக்கியது என்று பாரஸ்டர் எழுதிக்கொண்டார். நல்ல பழக்கம் இப்படியும் கெடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கயிறு போட்டு இழுத்தபோது அது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. போ என்று நான்தான் கை காட்டினேன். எதிர்த்தால் அடிப்பார்களோ என்று பயம்.

10. சாவடியில் ரசீது கொடுத்தார்கள். நாய் ஒன்று, கூடாரம் ஒன்று. ஏழு நாளைக்குள், அதாவது 2-2-61 வியாழன் மாலை ஐந்து மணிக்குள், நாய் தன்னுடையதுதான் என்பதற்கும் லைசென்ஸ் உள்ளது என்பதற்கும் அத்தாட்சி காட்டாவிட்டால் நாய் அப்புறப்படுத்தப்படும் என்று எழுதியிருக்கிறது. அப்புறப்படுத்துவது என்றால் எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று கார்டு திருமலைச்சாமியிடம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, சுட்டுருவாங்க தாயி என்றார். அவரைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. தன் தூக்குச் சட்டிக் கஞ்சியில் பாதியை அதற்கு ஊற்றுகிறவர் அவர்தான். இரண்டு நாள் அது குடிக்கவில்லை என்றும் மூன்றாம் நாள் குடித்தது என்றும் பிறகு சொன்னார். குடித்ததைக் கேட்டு அழுதேன்.

11. அத்தாட்சி பூம்பாறையில் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. போய் எடுத்து வரவேண்டியதுதானே என்று பாரஸ்டர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் காப்புக் கட்டி வாசல் தாண்டியவர்கள் சாமியைப் பார்க்காமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, ஐயா. மிதித்தால் அந்த நடை இல்லை என்று ஆகிவிடும். நேர்ந்தவருக்கும் ஆகாது, யாருக்காக நேர்ந்ததோ அவருக்கும் ஆகாது. நேர்ந்தவர் போய்விட்டார். யாருக்காக நேர்ந்ததோ அது நான். வில்லை எண்ணைச் சொல்கிறேன், டவுன் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். சாவடியில் போன் இல்லை. ஒரு ஆளை அனுப்புங்கள் என்றேன். அதற்கு விதி இல்லை. மாயன் தானாகவே சாவடிக்கு வந்து, இந்த நாயை மூன்று வருஷமாகத் தெரியும், ஒரு காடைக்குஞ்சைக்கூட விரட்டாது என்று சொன்னார். அவர் வார்த்தையை எழுதிக்கொள்ள ரேஞ்சர் அய்யா வரவேண்டும் என்றார்கள். தாங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்டதற்கு, பூசக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து போயிருக்கிறார் என்றார்கள்.

12. கன்னிவாடிக்கு இறங்கி வந்து இந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். சனிக்கிழமை வத்தலக்குண்டு பஸ் கண்டக்டரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, கொடைக்கானல் போகிற பஸ்ஸில் மாற்றிவிட்டு, அங்கிருந்து பூண்டு லாரிக்காரரிடம் சேர்த்து, பக்கத்து வீட்டு அன்னக்கொடியிடம் ஒப்படைக்கச் சொன்னேன். ஆணியில் தொங்கும் பட்டையை எடுத்து அதே வழியில் வெரசா அனுப்பச் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். மூன்று பேரும் நல்லவர்கள், சொன்னபடி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் சாவிதான் திரும்பி வந்தது, சீட்டும் மடித்தபடி. அன்னக்கொடி வீடு பூட்டிக் கிடக்கிறதாம். எதிர் வீடும், அதற்கு அடுத்த வீடும் அப்படியே. எங்கள் தெருவே குறுக்குப் பாதையில் பழனிக்கு இறங்கிவிட்டது. பூசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் தெருவில் ஆளைத் தேடியது என் புத்தி. அந்த லாரிக்காரரிடம் பூட்டைத் திறக்கச் சொல்லியிருக்கலாம். ஆளில்லாத வீட்டைத் தானாகத் திறக்கும் துணிச்சல் அவருக்கு இல்லை, நான் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

13. ஞாயிறு முழுக்கவும் திங்கள் காலையும் இந்த மரத்தடியிலேயே இருந்தேன். காவடிக் கூட்டம் கூட்டமாக எதிரில் போய்க்கொண்டிருந்தது. வாங்க தாயி, கூட நடங்க என்று எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். இங்கிருந்து இரண்டே நாள் நடை. போயிருந்தால் பூசத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன், நேர்ந்தது முடிந்திருக்கும், அவர் பேரில் ஒரு பாக்கியும் இருந்திருக்காது. போய்க் கும்பிட்டுவிட்டு அதற்குப் பிறகு பூம்பாறைக்குப் போனால் தங்கள் ஏழு நாள் தாண்டிவிடும். விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன், எப்படிக் கூட்டினாலும் ஒரு நாள் இடித்தது. அவர் மேல் எனக்கு அன்று வந்த கோபத்தை மனுவில் எழுத முடியாது. சொந்தமாக நேர்ந்துகொண்டு பாதியில் விட்டுவிட்டுப் போனது அவர், வாயில்லாத ஜீவனைச் சாவடிக் கொட்டகையில் கட்டிப்போட்டிருப்பது தாங்கள், நடுவில் மரத்தடியில் கிடப்பது நான்.

14. திங்கள்கிழமை பதினொரு மணிக்கு என் கையிலிருந்த காப்பை நானே அவிழ்த்தேன். நானே கட்டியது என்பதால் யாரிடமும் கேட்கவில்லை. அவிழ்த்துப் புளியமரக் கிளையில் கட்டிவிட்டு பஸ் ஏறினேன். பயமாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக நான் உயிரோடு இருப்பது அந்தக் கயிற்றால்தான் என்று அவர் நம்பினார், நானும் கொஞ்சம் நம்பினேன். திங்கள் இரவு கொடைக்கானல் பஸ் நிலையத்தில் கிடந்து, செவ்வாய் காலை லாரியில் பூம்பாறை போய், பூட்டைத் திறந்து, பட்டையை எடுத்துக்கொண்டு, அடுப்புக்கூட மூட்டாமல் திரும்பினேன். தெருவில் ஒரு சுடுகுஞ்சு இல்லை. என்னைப் பார்த்து ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்க ஆளில்லாதது நல்லதாகப் போயிற்று. பூசத்தன்று உச்சிப்பொழுதில், பழனியில் எல்லோரும் அரோகரா சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், நான் மலைரோட்டு பஸ்ஸில் மடியில் நாய்ப் பட்டையை வைத்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

15. நேற்று புதன்கிழமை மலையேறிச் சாவடிக்குப் போய்ப் பட்டையையும் வில்லையையும் காட்டினேன். பாரஸ்டர் பார்த்தார். எண் 214, வருகிற மார்ச் வரை செல்லும் வில்லை, சரிதான் என்றார். அவரும் கல் நெஞ்சுக்காரர் அல்ல, அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஆனால் வழக்குப் பதிவாகிவிட்டதால் விடுகிற அதிகாரம் தனக்கு இல்லை, ரேஞ்சர் அய்யா கன்னிவாடி முகாமுக்குத் திரும்பிவிட்டார், அவர் கையெழுத்து வேண்டும், மனு எழுதிக் கொடுங்கள், ஐந்து மணிக்குள் உத்தரவு வந்துசேர்ந்தால் தானே அவிழ்த்துவிடுகிறேன் என்றார். ஆகவே திரும்பவும் இறங்கி வந்து இதை எழுதுகிறேன். கொட்டகைப் பக்கம் போகவில்லை. என்னைப் பார்த்துவிட்டு நான் திரும்பிப் போனால் அது என்ன நினைக்கும் என்று போகவில்லை. என் குரல் கேட்டிருக்கும், உள்ளே சங்கிலி இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

16. கண்ணியைப் பற்றித் தாங்கள் விசாரிக்கத்தான் வேண்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. செவலை வேட்டை நாயா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி சொல்கிறேன். திருமலைச்சாமியை அதோடு அனுப்பி, ஆடலூர்ப் பாதையில் கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். கேளையாடு குறுக்கே ஓடினாலும் அது திரும்பிப் பார்க்காது. நேரே போய் எங்காவது கரி படிந்த மூன்று கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கூடாரம் வருகிறதா என்று பார்க்கும். அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

17. ஆகவே ஐயா அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

கூடாரத்தைத் தாங்கள் வைத்துக்கொள்ளலாம். ரிசர்வுக்குள் படுத்தது நான், அதற்கு என்ன தண்டனையோ அதையும் எனக்கே போடுங்கள். நாயை விட்டுவிடுங்கள்.

என் கைக் காப்பைத்தான் நான் அவிழ்த்தேன். செவலையின் கழுத்துக் காப்பு அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை என்று திருமலைச்சாமி நேற்றுச் சொன்னார். அது வீட்டு வாசலை மிதிக்கவில்லை, வழியைவிட்டுத் திரும்பவும் இல்லை. கட்டிப்போட்ட இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பூசாரியிடம் கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் நேர்ந்த மூன்றாவது நடை முறியவில்லை என்றே எனக்குப் படுகிறது. என் பங்குதான் முறிந்தது. அதன் பங்கு இன்னும் இருக்கிறது. தாங்கள் விட்டால் அது முன்னால் நடக்கும், நான் சும்மா பின்னால் போவேன். பூசம் முடிந்துபோய்விட்டது, கூட்டமெல்லாம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, நாங்கள் எதிர்த்திசையில் போவோம். படியேறமாட்டோம். அடிவாரம் போதும்.

அதனால் இன்னும் ஒன்று. பட்டையையும் வில்லையையும் இந்த மனுவோடு சேர்த்துத் தங்கள் மேஜைக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுத் தாங்களே வைத்திருங்கள். நாயை விடும்போது நல்லெண்ணத்தில் யாராவது அந்தத் தோல் பட்டையை அதன் கழுத்தில் மாட்டிவிடப் போகிறார்கள். மாட்ட வேண்டாம் என்று உத்தரவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பழனிக்குப் போய்த் திரும்புகிற வழியில் வந்து நானே வாங்கிக்கொள்கிறேன்.

இதைக் கொடுத்துவிட்டுத் தங்கள் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருப்பேன். இப்போது மணி பன்னிரண்டு ஆகப்போகிறது என்கிறார்கள். சாவடிக்கு ஏற மூன்று மணி நேரம் ஆகும். என் காலுக்கு இன்னும் அரை மணி கூடும்.

இங்ஙனம்,
பதிலுக்குக் காத்து வாசலில் இருக்கும்,
சண்முகவள்ளி

இடம்: கன்னிவாடி
தேதி: 2-2-1961, வியாழக்கிழமை

இணைப்பு:
1. தோல் பட்டை ஒன்று.
2. பித்தளை வில்லை ஒன்று, எண் 214.
3. சாவடி ரசீது.